யாழ்ப்பாணத்துக் குடும்பமும் கடன்பற்றிய பேச்சும்: தேசவழமைவழி ஒரு நோக்கு

அரசுகள் பட்ட கடனைப் பற்றியும் உழவர் பட்ட கடனைப் பற்றியும் வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். ஆனால், ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோர் தம் கடனை ஒருவருக்கொருவர் சொன்னார்களா, எவர் எவருக்குச் சொன்னார், எவரிடமிருந்து மறைத்தார் என்னும் வினாக்கள் வரலாற்றுக்கு அப்பாற்பட்ட வீட்டு விடயங்கள் எனவே பொதுவாகக் கருதப்படுகின்றன. தந்தை பட்ட கடன் மகனுக்கு எப்போது தெரியவந்தது? கணவன் கைச்சீட்டு எழுதிக் கொடுத்தமையை மனைவி அறிந்திருந்தாளா? இவ்வினாக்களுக்கு விடை காண்பது எளிதன்று. வீட்டுக்குள் நிகழ்ந்த பேச்சு ஏட்டிலே பதிவாவதில்லை. எனினும், இன்னார் இன்னாருக்கு அறிவித்தல் வேண்டும் என்று ஒரு சமூகம் விதித்த இடங்களும், அவ்வாறு விதியாது விட்ட இடங்களும் அதன் வழக்காற்றுச் சட்டத்திலே தெளிவாகத் தெரிகின்றன. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமாகிய தேசவழமையை இந்நோக்கிலே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேசவழமை நூலுருப் பெற்ற வரலாறு பலரும் அறிந்ததே. ஒல்லாந்தத் தேசாதிபதி கோர்னேலிஸ் ஜோன் சைமன்ஸ் 1706ஆம் ஆண்டில் இட்ட கட்டளைக்கமைய, யாழ்ப்பாணத்திலே பல்லாண்டுகள் வாழ்ந்து பழகிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707ஆம் ஆண்டு சனவரியில் நிறைவு செய்தார். அத்தொகுப்பு தமிழிலே பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் அதனை நாட்டு வழக்கமென ஏற்றனர். பிரித்தானியர் ஆட்சியில் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்கு முழு வலுவளித்தது. சொத்துரிமை, சுவீகாரம், நன்கொடை, ஒற்றியும் ஈடும், விற்பனை, வட்டிக்குக் கடன் கொடுத்தல் முதலியன அந்நூலிலே இடம்பெறுகின்றன.

இந்நூலைச் சான்றாகக் கொள்ளும்போது ஓர் எச்சரிக்கை அவசியமாகும். அதனை ஏற்ற முதலியார்கள் நிலமுடைய உயர்குழாத்தினர். அந்நூலின் ஒரு பிரிவு அடிமைகளைப் பற்றியது. அங்கே மனிதர் நிலத்தோடும் நகையோடும் ஒருங்கு எண்ணப்படும் உடைமையாகவே காணப்படுகின்றனர். இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது. ஆகவே, தேசவழமை காட்டும் குடும்பம் யாழ்ப்பாணத்தவர் எல்லாருடைய குடும்பமுமன்று. நிலமும் கணக்கும் உடைய குடும்பமே அது. எனினும், கடன்பற்றிய பேச்சை ஆராய்வதற்கு அக்குடும்பமே பொருத்தமானது. இழப்பதற்குச் சொத்துள்ள இடத்திலேதான் மறைப்பதற்கும் காரணம் மிகுதியாக இருந்தது.

தேசவழமையின்படி குடும்பச் சொத்து மூவகைப்படும். கணவன் வழியாக வந்த பரம்பரைச் சொத்து முதுசம். மனைவி மணத்தின்போது கொண்டுவந்தது சீதனம். மணவாழ்க்கையின்போது இருவரும் ஈட்டியது தேடியதேட்டம். பண்டைய வழக்கில் இம்மூன்றும் தனித்தனியே நின்றன. முதுசம் ஆண்மக்களையும் சீதனம் பெண்மக்களையும் சென்றடைந்தன. ஆட்சிகள் மாறியபோது, சிறப்பாகப் போர்த்துக்கேயர் காலத்திலே, இவ்வொழுங்கு தளர்ந்ததென ஐசாக்ஸின் தொகுப்பே கூறுகின்றது. மூவகைச் சொத்திலிருந்தும் வேறுபாடின்றிப் பெண்மக்களுக்குச் சீதனம் வழங்கும் வழக்கம் அவ்வாறு ஏற்பட்டது. இதன் விளைவு கவனிக்கத்தக்கது. ஒரு பெண்ணின் சீதனத்திலே தந்தைவழி நிலமும் தாய்வழி நிலமும் பெற்றோர் தேடிய நிலமும் கலந்திருக்கக்கூடும். அவற்றை வேறு பிரித்து அறிய ஒரு கணக்கு வேண்டும்; அக்கணக்கை அறிந்தவர் வாய்திறந்து சொல்லவும் வேண்டும்.

அக்கணக்கு திருமணத்தின்போதே வெளிப்பட்டது. யாழ்ப்பாண வழக்கிலே பெற்றோர் பேசி முடிக்கும் திருமணத்துக்குப் ‘பேச்சுக்கால்’ என்னும் பெயர் வழங்குகின்றது. அப்பேச்சின் பெரும்பகுதி கொடுக்கல் வாங்கல் பற்றியதே. இன்ன காணி, இன்ன பனந்தோட்டம், இத்தனை பரப்பு வயல், இன்ன நகை என்று இரு வீட்டாரும் வாய்விட்டுப் பேசினர். பேசியது சீதன ஓலையில் எழுதப்பட்டது. ஓலையிற் குறித்த காணியை மணமக்கள் காலந்தாழ்த்தாது தம் ஆட்சிக்குள் எடுத்துக்கொள்ளல் வேண்டும் என்பதும் வழக்கு. பத்தாண்டு வாளாவிருந்தால் உரிமை கைநழுவும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணி தொடர்பான உடன்படிக்கைகள் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படல் வேண்டுமென விதித்தபின், சீதன ஓலை சீதன உறுதியாயிற்று. ஆகவே, பணத்தைப் பற்றிப் பேசுவது பண்பாகாது என்ற கூச்சம் இச்சமூகத்தின் பொது இயல்பு எனக் கொள்வது பொருந்தாது. சீதனத்தைப் பேசுகையில் எவரும் கூசியதில்லை.

சொத்தைப் பற்றிப் பேசுமாறு வழக்கம் வற்புறுத்திய வேறிடங்களும் உள. மனைவியை இழந்தவன் மறுமணம் செய்ய விரும்பினால், முதல் மணத்துப் பிள்ளைகளை அவர்களுடைய தாய்வழிப் பாட்டனோ பாட்டியோ நெருங்கிய உறவினரோ பொறுப்பேற்பது வழக்கம். அவ்வேளையில், இறந்த மனைவி கொண்டுவந்த சொத்து முழுவதையும் முதல் மணத்திலே தேடிய தேட்டத்தின் பாதியையும் அவன் பிள்ளைகளோடு ஒப்படைத்தல் வேண்டும். பாதியை ஒப்படைப்பதற்கு முழுமை எவ்வளவென்று சொல்லியாக வேண்டும். புதிய மணத்தின் வாயிலிலே பழைய மணத்தின் கணக்கு உறவினர் முன் விரிக்கப்பட்டது.

காணி விற்பனையிலும் இவ்வாறே. உரிமைக்காரர், பங்காளர், ஒற்றி பெற்ற அயற்காணிக்காரர் ஆகியோருக்கு அறிவியாது ஒருவர் தம் காணியை விற்பின், அவர்கள் விலையைச் செலுத்தி அதனை மீட்டுக்கொள்ளலாம். அறிவித்தற்குரிய காலமும் வரையறுக்கப்பட்டிருந்தது. அவ்வூரில் இருப்போருக்கு ஒரு மாதம். அதே மாகாணத்தில் வேற்றூரில் இருப்போருக்கு இரண்டு மாதம். வேறு மாகாணத்தில் இருப்போருக்கு மூன்று மாதம். நாட்டுக்கு வெளியே இருப்போருக்கு ஓராண்டு. ஒல்லாந்தர் பின்னர் இதனை மாற்றி, விற்பவர் தமக்குரிய கோயிற்பற்றுத் தேவாலயத்திலே தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் விளம்பரம் செய்தல் வேண்டுமென விதித்தனர். முன்கொள்ளும் இவ்வுரிமை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் தனிச் சட்டமாக ஒழுங்குபடுத்தப்பட்டது. பணமுடை வந்து காணியை விற்க நேர்ந்தவன், அதனைத் தன் உறவினரிடமிருந்து மறைத்தல் இயலாதவாறு வழக்கம் வழிமறித்து நின்றது எனலாம்.

இதுவரை கூறியவை சொத்துப் பற்றியவை. கடனைப் பொறுத்தவரை நிலைமை வேறு. முதலில் ஒற்றியை நோக்கலாம். பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பயனை அனுபவிப்பதும், முதலைத் திருப்பிக் கொடுக்கும்போது காணியை மீளக் கையளிப்பதும் ஒற்றியின் இயல்பு. இது மறைக்கமுடியாத கடன். நேற்றுவரை தந்தை உழுத வயலை இன்று வேறொருவர் உழுவதை ஊரே காணும், பிள்ளைகளும் காண்பர். ஒருவரும் வாய்திறந்து சொல்லாவிடினும் வரப்பு சொல்லிவிடும். மேலும், ஒற்றியிலே கடன் பெருகுவதில்லை. எத்தனை ஆண்டு கழியினும் கொடுக்கவேண்டியது அதே முதல்தான்.

வட்டிக்கு வாங்கிய கைக்கடனோ கண்ணுக்குப் புலப்படாதது. காணி கைமாறாது, ஊருக்குத் தெரியாது, ஆண்டுதோறும் பெருகும். வட்டி முதலை விஞ்சக்கூடாது என்னும் கொள்கை பழைய தரும சாத்திர மரபிலும் இருந்தது. இலங்கையில் 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலும் இடம்பெற்றது. எனினும், அந்த வரம்புக்குள்ளேயே கடன் இருமடங்காகலாம். இத்தகைய கடனைப் பட்டவர் தம் மனைவிக்கோ மக்களுக்கோ அறிவித்தல் வேண்டுமென விதிக்கும் ஏற்பாட்டைத் தேசவழமையிற் காணமுடியாது. காணியை விற்பதற்கு ஒரு மாத அறிவித்தல் கேட்ட வழக்கம், அக்காணியையே விழுங்கக்கூடிய கடனுக்கு ஒரு நாள் அறிவித்தலும் கேட்கவில்லை.

இந்த மௌனத்தின் சுமை எவர்மீது விழுந்தது என்பதையும் நூல் கூறுகின்றது. பெற்றோர் பட்ட கடனை ஆண்மக்கள் தீர்த்தல் வேண்டும். பெற்றோர் இறக்கும்போது அவர்களிடம் பொருள் இல்லாவிடினும் பொறுப்பு நீங்காது. இவ்விதி கடுமையானது என்பதைத் தொகுத்தவரே உணர்ந்திருந்தார். இதனோடு சேர்த்து நோக்கவேண்டிய மற்றொரு விதியும் உண்டு. பெற்றோர் உயிரோடிருக்கும்வரை ஆண்மக்கள் அவர்களிடம் எதனையும் உரிமையோடு கேட்டல் இயலாது. மணமாகாத காலத்தில் அவர்கள் உழைத்துத் தேடியதும், தாம் அணிந்த பொன் வெள்ளி அணிகள் நீங்கலாக, பொதுச் சொத்திலேயே சேரும்.

இவ்விரு விதிகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது மகனின் நிலை தெளிவாகின்றது. உழைப்பைக் கொடுக்கும் கடமை அவனுக்கு உண்டு. கடனைத் தீர்க்கும் கடமையும் உண்டு. கணக்கைக் கேட்கும் உரிமை இல்லை. சகோதரிகளுக்குச் சீதனம் வழங்குவதிலே குடும்பச் சொத்து குறைந்துகொண்டு போவதை அவன் கண்டிருப்பான். எஞ்சியதன்மீது எவ்வளவு கடன் ஏறியிருக்கின்றது என்பதைத் தந்தையின் இறப்புக்குப் பின்னர், கடன்கொடுத்தவர் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்போதே அறிந்துகொள்ள நேர்ந்திருக்கும். இந்நிலையில் அவன் தந்தையை வெறுத்தான் என்றோ தந்தை அவனை நேசிக்கவில்லை என்றோ கொள்ளவேண்டியதில்லை. மகனின் மனம் நோகாதிருக்கவே பல தந்தையர் மறைத்திருக்கலாம். ஆனால், அன்பினால் மறைத்த கடனும் வட்டி ஏறும் கடனே.

மனைவியின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. கணவனுடைய சித்தத்துக்கு அமைந்தவள் என்ற காரணத்தால், அவனுடைய சம்மதமின்றி மனைவி எதனையும் நன்கொடையாக வழங்குதல் ஆகாதென்று நூல் கூறுகின்றது. தேசவழமையை விரிவாக ஆராய்ந்த நீதியரசர் எச். டபிள்யு. தம்பையா, அதன் வேர்களை மலையாளக் கரையின் மருமக்கட்டாய மரபோடு தொடர்புபடுத்தினார். சீதனம் தாய்வழியாகப் பெண்மக்களுக்குச் செல்லும் ஒழுங்கு அத்தகைய எண்ணத்துக்கு இடமளிக்கின்றது. ஆயினும், சொத்து பெண்வழி சென்றபோதும் அதன் நிருவாகம் ஆணின் கையிலேயே இருந்தது. தன் பெயரில் நிலமுடைய பெண், அந்நிலத்தின் நிலைமையைக் கணவன் சொல்ல அறிபவளாகவே பெரும்பாலும் இருந்தாள்.

பிரித்தானியர் காலத்து முக்கிய மாற்றம் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத்து விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டத்தோடு வந்தது. மணமான பெண்ணின் சொத்து அவளுடைய தனிச் சொத்தென அச்சட்டம் பிரகடனம் செய்தது. கணவனின் கடன்களுக்கு அச்சொத்து பொறுப்பாகாது. அச்சொத்தின் பயிர்ச்செய்கை, பராமரிப்பு, திருத்தம், வரி முதலியவற்றுக்காகப் பட்ட கடனே விதிவிலக்கு. கணவன் பட்ட கடனால் மனைவியின் சீதனக்காணி ஏலத்துக்குப் போகும் அவலத்துக்கு எதிராக எழுப்பிய வேலி இது. ஆனால், அதே சட்டம் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றல் இயலாதெனவும் விதித்தது. மனைவி தன் காணியை ஈடு வைக்க விரும்பினால் கணவனிடம் பேசியே ஆகவேண்டும். கணவன் தன் காணியை ஈடு வைக்க மனைவியிடம் ஒரு சொல்லும் சொல்லவேண்டியதில்லை. தேடியதேட்டம்பற்றிய பிரிவுகள் 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தால் மாற்றப்பட்டபோதும், சம்மதம் பற்றிய இந்த ஒருபக்கச் சார்பு நீக்கப்படவில்லை.

இங்கே ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் கடனின் பொறுப்பைப் பிரித்தது. கடன்பற்றிய அறிவைப் பகிரவில்லை. மனைவியின் காணி காக்கப்பட்டது. ஆனால், குடும்பம் உண்ணும் சோறும் பிள்ளைகள் கற்கும் பள்ளிப் பணமும் கணவனின் வருவாயிலிருந்தே வந்தன. அவ்வருவாய் கடனுக்குப் போகின்றதென அறியாத பெண்ணுக்கு, தன் காணி பத்திரமாயிருக்கின்றது என்னும் ஆறுதல் மட்டுமே எஞ்சியது. மேலும், சட்டம் எழுப்பிய வேலி கணவன் கேட்டவுடன் கையொப்பமிடும் மனைவியைக் காப்பதில்லை. காரணத்தைக் கேளாது கையொப்பமிடுவதே நல்ல மனைவிக்கு இலக்கணம் எனக் கருதிய வீடுகளில் அவ்வேலியின் படலை திறந்தே கிடந்தது.

கடனைப் பேசுதல் தமிழர் இயல்புக்கு ஒவ்வாதது என்று இதனாற் கருதிவிடலாகாது. அதே சமூகத்திலே கடனை வெளிப்படையாகப் பேசிய அமைப்புக்களும் இருந்தன. சீட்டு அவற்றுள் ஒன்று. பலர் கூடி மாதந்தோறும் பணம் இட்டு, ஒருவர் பின் ஒருவராக அத்தொகையை எடுப்பது அதன் முறை. முதலில் எடுப்பவர் மற்றெல்லாருக்கும் கடன்காரராகின்றார். எவர் எடுத்தார், எவ்வளவு கழிவுக்கு எடுத்தார், இன்னும் எத்தனை தவணை கட்டவேண்டும் என்பன சேர்ந்த அனைவருக்கும் தெரிந்தவை. இம்முறையை ஒழுங்குபடுத்த 1935ஆம் ஆண்டிலே தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. மற்றொன்று ஐக்கிய நாணய சங்கம். 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ்த் தோன்றிய கிராமச் சங்கங்கள் வரையறையற்ற பொறுப்பை அடிப்படையாகக் கொண்டன. ஓர் அங்கத்தவர் கடனைக் கட்டத் தவறினால் மற்றையோரின் சொத்தும் பொறுப்பாகும். ஆகவே, கடன் கேட்பவர் அதன் நோக்கத்தையும் தம் நிலைமையையும் சங்கத்தாருக்குச் சொல்லவேண்டியிருந்தது. மனைவிக்குச் சொல்லாத கணக்கைச் சங்கத்தில் அயலவர் முன் சொல்ல அவர் கூசவில்லை.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? மானம் என்றொரு விடை வழக்கமாகக் கூறப்படும். கடன் வெளிப்பட்டால் குடும்பத்தின் மதிப்புக் குறையும், பெண்பிள்ளைகளின் பேச்சுக்கால் தடைப்படும் என்ற அச்சம் உண்மையானதே. ஆனால், மானம் மட்டும் காரணமாயின் ஊராருக்கு மறைத்து வீட்டாருக்குச் சொல்லியிருத்தல் வேண்டும். மேலே கண்ட சான்றுகள் இதற்கு மாறாகவே உள்ளன. சம்பந்தி கேட்டபோது சொத்துக் கணக்குச் சொல்லப்பட்டது. தாய்வழிப் பாட்டி கேட்டபோது தேட்டத்தின் கணக்குச் சொல்லப்பட்டது. பங்காளி கேட்பான் என்பதால் விற்பனை அறிவிக்கப்பட்டது. சங்கம் கேட்டபோது கடன் சொல்லப்பட்டது. கேட்டவர் ஒவ்வொருவருக்கும் கேட்கும் உரிமை இருந்தது. விடை கிடையாவிடின் செய்வதற்கு ஒன்றும் இருந்தது. சம்பந்தி மணத்தை நிறுத்தலாம். பங்காளி காணியை மீட்கலாம். சங்கம் கடனை மறுக்கலாம். மகனுக்கும் மனைவிக்கும் அவ்வாறான உரிமை இருக்கவில்லை. பாசம் நிறைந்த இடத்திலே கேள்வி மரியாதைக் குறைவாயிற்று. கடனைச் சுமக்கவேண்டியவரே அதனைப் பற்றிக் கேட்க முடியாதவராயினர்.

இவ்வரலாறு முடிந்துபோன ஒன்றன்று. 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிவுற்றபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் பெருகின. அவை பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றையோரைப் பிணையாக வைத்துக் கடன் வழங்கின. 2016ஆம் ஆண்டில் நுண்நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. 2018ஆம் ஆண்டில், வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு அச்சுமை முற்றியிருந்தது. இங்கே பழைய ஒழுங்கு தலைகீழாயிற்று. கடன்பட்டவர் தாயாராயினர், அறியாதிருக்கக் கூடியவர் வீட்டாராயினர். வெளியமைப்போ மாறவில்லை. தவணையைக் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கும், பிணைநின்ற அயலவருக்கும் இருந்தது. எதற்காகக் கடன், எவ்வளவு, எப்போது தீரும் என்று வீட்டுக்குள் அமர்ந்து பேசுவதற்கு மட்டும் எந்த ஒழுங்கும் வகுக்கப்படவில்லை.

கடனுக்கு எதிரான அறிவுரைகள் தமிழிலே ஏராளம். கடன் படாதே என்று அவை கூறும். பட்ட கடனை எவருக்குச் சொல்லவேண்டும் என்று கூறுவன அரிது. தேசவழமையின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே: குடும்பத்தார் பணத்தைப் பற்றி ஒளிவின்றிப் பேசுதல், தனிமனிதரின் நல்லியல்பை மட்டும் நம்பி நடைபெறும் காரியமன்று. சீதன ஓலையை எழுதியவர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். சம்பந்தியின் நேர்மையில் ஐயமிருந்தமையால் அவர்கள் ஓலை எழுதவில்லை. பின்னர் ஐயம் எழாதிருக்கவே எழுதினர். அதே விவேகம் கடனுக்கும் வேண்டும். பொறுப்பைச் சுமக்கப்போகும் பிள்ளைக்கும், வாழ்வைப் பகிரும் துணைக்கும், கணக்கைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது என்ற நிலை வீட்டிலே உருவாதல் வேண்டும். அந்நிலை உருவாகாதவரை, தந்தையின் கடனை மகன் கடன்கொடுத்தவர் வாயிலாகவே அறிவான். தாயின் கடனை மகள் தவணை கேட்டு வருபவர் வாயிலாகவே அறிவாள்.